ஒரே உடம்பு, ரெண்டு எஞ்சின்: எட்டு வருஷச் செலவுக் கணக்கு

நான் வைத்து ஓட்டிய சிறிய விமானங்கள் ரெண்டு: முதல் ஐந்து வருஷம் பைப்பர் மிராஜ், அடுத்த மூன்று வருஷம் பைப்பர் மெரிடியன். ரெண்டும் பிஏ-46 குடும்பம்தான்: ஆறு இருக்கை, அழுத்தமூட்டிய கேபின். மூக்குக்குள் இருப்பதுதான் பெரிய வித்தியாசம். மிராஜில் 350 குதிரைத்திறன் லைகமிங் பிஸ்டன், மெரிடியனில் 500 குதிரைத்திறன் பிடி6 டர்பைன் (டர்பைனால் ப்ரொப்பல்லரைச் சுழற்றும் இந்த வகைதான் டர்போப்ராப்).

எல்லோரும் முதலில் கேட்பது எரிபொருள். மிராஜ் மணிக்கு ஏறக்குறைய 75 லிட்டர் ஏவ்கேஸ், அதாவது பிஸ்டன் விமானத்துக்கான பெட்ரோல், குடித்தது. மெரிடியன் 145 லிட்டர் ஜெட் எரிபொருள் குடிக்கிறது. "ரெண்டு மடங்கா!" என்று வாயைப் பிளப்பார்கள். ஆனால் நாம் பறப்பது மணிக்காக இல்லை, ஊர் போய்ச் சேர. 500 கடல் மைலுக்கு மிராஜ் 200 நாட் (மணிக்கு 200 கடல் மைல்) வேகத்தில் இரண்டரை மணி நேரம் எடுக்கும், 190 லிட்டர் ஆகும். மெரிடியன் 255 நாட்டில் இரண்டு மணிக்குள் முடித்து 285 லிட்டர் கேட்கும். ஆக ஒன்றரை மடங்குதான். ஏவ்கேஸ் கிடைக்காத தளங்கள் ஏராளம், கிடைத்தாலும் பெரும்பாலும் ஜெட் எரிபொருளைவிட விலை கூட. இதையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் சுருங்கும்.

இது உயரத்தில் பறந்தால்தான். 100 மைல் பயணம் என்றால் மேலே ஏறுவதற்குள் இறங்க வேண்டிவரும். தாழ்வான உயரத்தில் டர்பைன் கணக்கில்லாமல் குடிக்கும். ஓடுபாதைக்குப் போகும் வழியான டாக்ஸிவேயில் வரிசையில் நிற்கும்போதுகூட எரிபொருள் மீட்டரைப் பார்க்க மனசு வராது.

பராமரிப்பில்தான் ரெண்டும் ரெண்டு குணம். பிஸ்டன் சில்லறையாகவே பிடுங்கும். 50 மணி பறந்தால் ஒரு ஆயில் மாற்றம், 12 ஸ்பார்க் பிளக், 500 மணிக்கு மேக்னட்டோ (பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் கருவி), ரெண்டு டர்போ, எக்ஸாஸ்ட் கிளாம்புகள். மூன்றாம் வருஷ ஆண்டுச் சோதனையில் மெக்கானிக் ஒவ்வொரு சிலிண்டராக 80 பிஎஸ்ஐ காற்றைச் செலுத்தி அழுத்தம் பார்த்தார். ஒன்றில் முள் 50-க்குக் கீழே நின்றது. "சார், இங்க வந்து காதை வைங்க" என்று எக்ஸாஸ்ட் குழாயைக் காட்டினார். உஸ்ஸென்று காற்று கசியும் சத்தம்: எக்ஸாஸ்ட் வால்வு போயிருந்தது. ஆயில் ஊற்றும் வாயில் சத்தம் வந்தால் ரிங் தேய்மானமாம். ஒன்றைக் கழற்றப் போய் மூன்று சிலிண்டர் மாற்றினோம், விமானம் மூன்று வாரம் ஹேங்கரிலேயே கிடந்தது. எஞ்சினைக் குறை சொல்ல மாட்டேன். வெப்ப அளவுகளைக் கவனிக்காமல் விரட்டியவன் நான்தான்.

மெரிடியன் இப்படித் தொணதொணப்பதில்லை. எஞ்சினை முழுசாகப் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹாலுக்கு இடைவெளி 3,600 மணி. லைகமிங்குக்கு 2,000 தான். டர்பைனுக்கு நடுவில் 1,800-ல் ஹாட் செக்ஷன் சோதனை, அதாவது எஞ்சினின் சூடான உள்பகுதிகளைத் திறந்து பார்ப்பது. ஆனால் ஓவர்ஹால் பில் மூன்று, நான்கு மடங்கு வரும். அதனால் பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் முன்பு எடுத்து வைத்ததைப்போல ரெண்டு பங்கு ஒதுக்குகிறேன். யானை வாங்கியபின் அங்குசத்துக்குப் பேரம் பேச முடியுமா?

உண்மையில் உள்ளங்கை வேர்ப்பது ஸ்டார்ட் செய்யும்போதுதான். பேட்டரி வோல்டேஜ் பார்த்து, சுழற்சி 13 சதவீதத்தைத் தாண்டியபின்தான் எரிபொருளைத் திறப்பேன். உடனே வெப்பமானி விறுவிறுவென ஏறும். 1,000 டிகிரியை நோக்கி ஓடுவதுபோல் தெரிந்தால் யோசிக்காமல் எரிபொருளை அடைத்துவிட வேண்டும். தளர்ந்த பேட்டரி எஞ்சினை வேகமாகச் சுழற்றாது, அதோடு பிடிவாதம் பிடித்தால், ஓவர்ஹாலுக்குச் சேர்த்த காசெல்லாம் சில விநாடியில் டர்பைன் பிளேடுகளோடு கரைந்துவிடும். பேட்டரியில் சந்தேகம் வந்தால் நான் வெளி மின்சாரம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அந்தக் கட்டணத்தைப் பார்த்து முணுமுணுத்ததே இல்லை.

ஹேங்கர் வாடகை ரெண்டுக்கும் ஒன்றுதான். இன்ஷூரன்ஸ் விமானத்தின் மதிப்போடு ஏறியது. வருஷா வருஷம் சிமுலேட்டர் பயிற்சியும் கேட்கிறார்கள். மிராஜில் வருஷத்துக்கு 70 மணி பறந்தேன், இப்போது 150. மணி கூடியதால்தான் இந்த நிலைச் செலவு உறைக்கவில்லை. அதே 70 மணியில் நின்றிருந்தால் மெரிடியனை இரண்டாம் வருஷமே விற்றிருப்பேன்.

போன மாதம் ஒரு நண்பர் "டர்போப்ராப் வாங்கலாமா?" என்று கேட்டார். லாக்புக்கை வாங்கிப் பார்த்தேன். வருஷம் முழுக்க 62 மணி, பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த பயணங்கள். எக்ஸாஸ்ட் குழாயில் காது வைக்கச் சொன்னாரே, அந்த மெக்கானிக்கின் நம்பரைக் கொடுத்து அனுப்பினேன்.