படகுக்கு பூஸ்ட் டிரான்ஸ்ஃபார்மர் போடப் போகிறீர்களா? என் கதையைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்

ஃப்ளோரிடாவில், ஃபோர்ட் லாடர்டேல் பக்கம் ஒரு மெரினாவில் (படகுகளைக் கட்டிவைக்கும் துறை), 42 அடிப் பழைய டிராலர் படகு ஒன்று வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் மாதத்தில் ஏசி இல்லாமல் அதற்குள் பத்து நிமிடம் உட்கார முடியாது. போன கோடையில் கம்ப்ரஸர் ஒவ்வொரு முறை ஓடத் தொடங்கும்போதும் முனகியது, சில நேரம் அப்படியே நின்றுபோனது. பேனல் மீட்டரைப் பார்த்தால் 198 வோல்ட். இருக்க வேண்டியது 240.

பல மெரினாக்களுக்கு வருவது த்ரீ ஃபேஸ் 120/208 சப்ளை. அதில் இரண்டு ஃபேஸை எடுத்து 50 ஆம்ப் பெடஸ்டலில் (கரையில் படகுக்குக் கரண்ட் கொடுக்கும் கம்பம்) கொடுக்கிறார்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 120 சரியாக இருக்கும், இரண்டு ஃபேஸுக்கு நடுவே 208தான் கிடைக்கும். யார் மேலும் தப்பில்லை, கணக்கே அப்படி. ஆனால் 230 வோல்ட் மோட்டார் பத்து சதவீதக் குறைவு வரைதான் தாங்கும், அதாவது 207. அதற்கும் கீழே போனால் திணறும். 240ல் கிடைக்கிற ஸ்டார்ட்டிங் டார்க்கில் (மோட்டார் சுழலத் தொடங்கும்போது தரும் திருகுவிசை) முக்கால் பங்குதான் 208ல் கிடைக்கும். ஆகவே வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கிற பூஸ்ட் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்று நினைத்ததில் தவறில்லை. யாரிடம் வாங்கினேன் என்பதில்தான் தவறு.

மெரினாவில் ஒருவர் கைகாட்டிய எலக்ட்ரீஷியன் வந்தார். பேனல் மீட்டரை எட்டிப் பார்த்தார். "இது 208 வோல்ட் படகுத்துறை, பூஸ்ட் போட்டால் சரியாகிவிடும்" என்றார். மல்டிமீட்டரை வெளியே எடுக்கவே இல்லை. ஐசொலேஷன் வகை (கரை மின்சாரத்தோடு நேரடிக் கம்பித் தொடர்பு இல்லாதது), தானே வோல்டேஜ் பார்த்து மாறிக்கொள்ளும், 4,200 டாலர் என்றார். பேரம் பேசி 3,900க்குச் சம்மதித்தேன். பாதி கார்டில், பாதி செக்கில்.

மறுவாரம் பெட்டியை ஒரே ஆளாகத் தோளில் தூக்கிக்கொண்டு பலகையில் நடந்து வந்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். 50 ஆம்ப் லோடு முழுவதையும் தாங்குகிற ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரை இரண்டு பேர் சேர்ந்து தூக்கினாலே மூச்சு வாங்கும். மீட்டரில் 228 காட்டியதும் எனக்கு வாயெல்லாம் பல். பில்லில் "பூஸ்ட் டிரான்ஸ்ஃபார்மர், பொருத்தியது" என்று ஒரே வரி. மாடல் எண் இல்லை.

மூன்றாவது வாரம் பிளாஸ்டிக் கருகுகிற வாடை. கரையிலிருந்து கரண்ட் கொண்டுவரும் ஷோர் பவர் கேபிளில், படகில் செருகுகிற முனை உருகிப்போயிருந்தது. அவரே வந்து புதுப் பிளக் போட்டு இன்னொரு 350 வாங்கிக்கொண்டு போனார். பழைய பிளக்கில் இருந்த கருப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நடுநடுவே எல்இடி பல்புகள் ஒவ்வொன்றாகப் போயின. மட்டமான பல்பு என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நவம்பரில் ஃப்ளோரிடாவின் தெற்கே இருக்கும் கீஸ் தீவுகள் பக்கம் கிளம்பினோம். இரண்டாம் நாள் ஒரு சின்ன மெரினாவில் கட்டிவிட்டுக் கேபிளைச் செருகினேன். அங்கே சிங்கிள் ஃபேஸ், சுத்தமான 240. என் பெட்டி அதையும் பதினைந்து சதவீதம் ஏற்றியது. 276. 120 இருக்க வேண்டிய சாதாரணப் பிளக்குகளில் 138. மைக்ரோவேவ் ஒரு சத்தம் போட்டு அடங்கியது. ஏசியின் கண்ட்ரோல் போர்டு, பேட்டரி சார்ஜர், இரண்டும் அன்றே காலி. என் மனைவி பிரேக்கரை இறக்கியிருக்காவிட்டால் இன்னும் என்னென்ன போயிருக்குமோ.

எங்கள் ஊர் வீட்டில் ஃபிரிட்ஜுக்கு ஒரு ஸ்டெபிலைசர் இருந்தது. வோல்டேஜ் ஏறி இறங்கும்போதெல்லாம் டக் டக்கென்று ரிலே மாறும். அந்தப் பெட்டிக்கு இருந்த அறிவுகூட இதற்கு இல்லை. உள்ளே எதையும் அளக்கிற வேலை கிடையாது, வருவதை 1.15 மடங்காக்கி அனுப்பும், அவ்வளவுதான்.

திரும்பி வந்து வேறொரு ஆளைக் கூப்பிட்டேன். அவர் கேபிளைக் கழற்றிவிட்டு, பெட்டியின் இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவே ஓம் மீட்டர் வைத்தார். நேராகத் தொடர்பு காட்டியது. ஐசொலேஷன் என்றால் தொடர்பே இருக்கக் கூடாது. இரண்டு பக்கமும் நேராக இணைந்திருக்கும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரை ஐசொலேஷன் விலைக்கு என் தலையில் கட்டியிருக்கிறார். நியூட்ரல் கரையிலிருந்து அப்படியே வர, இரண்டு ஃபேஸையும் மட்டும் தள்ளி ஏற்றியதால், எங்கள் 208 வோல்ட் துறையிலேயே 120 வோல்ட் பிளக்குகளில் 134 வந்துகொண்டிருந்ததாம். பல்புகள் போன காரணம் அப்போதுதான் புரிந்தது.

பிளக் சமாசாரம் இன்னும் எரிச்சல். முதல் நாளே ஏசியை ஓடவிட்டு இரண்டு இடத்தில் அளந்திருந்தால் தெரிந்திருக்கும். பெடஸ்டலில் 208, பேனலில் 198 என்றால் நடுவே பத்து வோல்ட் எங்கேயோ தொலைகிறது. நல்ல 50 அடிக் கேபிளில் 35 ஆம்ப் ஓடும்போது இரண்டு வோல்ட்கூடப் போகாது. மீதி எட்டு வோல்ட் அரித்துப்போன பிளக்கில் 280 வாட் சூடாகிக்கொண்டிருந்தது. அதைச் சரி செய்யாமல் பூஸ்ட் போட்டால், படகுக்குள் 35 ஆம்ப் கொடுக்கக் கரையிலிருந்து 40 ஆம்ப் இழுக்கும். அதே பிளக் வழியாகத்தான். உருகாமல் என்ன செய்யும்?

ஆகவே, லோடு போட்டு இரண்டு முனையிலும் அளக்காமல் "பூஸ்ட் போடலாம்" என்கிற ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். 240 வந்தால் பூஸ்ட் தானாக விலகுமா என்று கேளுங்கள், விலகுவதைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். மாடல் எண் பில்லில் வராமல் பணம் கொடுக்காதீர்கள்.

கார்டில் கொடுத்த பாதி, வங்கியில் புகார் கொடுத்துத் திரும்ப வந்தது. செக் பணம் போனது போனதுதான். போன் செய்தால், பழுது கீஸ் மெரினா பெடஸ்டலில்தான் என்று அந்த ஆள் இன்னும் சாதிக்கிறார்.

பெட்டி என் கராஜில் கிடக்கிறது. ஆன்லைனில் போட்டால் ஐந்நூறு டாலராவது தேறும் என்கிறான் நண்பன். யார் தலையில் கட்டச் சொல்கிறான்?