மினி லேத்துக்கு காம்பவுண்ட் ஸ்லைடை கழட்டிட்டு இரும்புக் கட்டை போட்டாச்சு: பொள்ளாச்சி பட்டறை வேலை எப்படி?

நமக்கு கொழிஞ்சாம்பாறைங்க, கேரளான்னாலும் வீட்டுல தமிழ்தான், இரும்பு சாமான்னா பொள்ளாச்சிதான். பின்னாடி செட்டுல ஒரு 7க்கு 14 இஞ்சு சைனா மினி லேத்து, அதாவது சின்ன கடைசல் மெஷின், கெடக்குது, தேங்கா உரிக்கிற மெஷினுக்கு புஷ்ஷு பின்னு கடையறதுக்கு வாங்குனது. பித்தளை, அலுமினியம்னா வெண்ணெய் மாதிரி போகும், இஎன் 8 ஸ்டீல் ராடை பார்ட்டிங் போட்டா (சுத்த விட்டு டூலால துண்டா வெட்டுறது) மட்டும் பக்கத்து வீட்டு நாய் எந்திரிச்சு ஓடுற அளவுக்கு கத்தும்.

எல்லாரும் சொல்றாங்களேன்னு மொதல்ல ஸ்பிண்டில் (வேலைய புடிச்சு சுத்துற தண்டு) பேரிங்க மாத்துனேன். உள்ள இருந்தது 6206 சாதா பால் பேரிங், அதே 30, 62, 16 மில்லி அளவுல (உள்விட்டம், வெளிவிட்டம், அகலம்) பக்கவாட்டு அழுத்தமும் தாங்குற 7206 ஆங்குலர் கான்டாக்ட் கெடைக்குது, ஒண்ணுக்கொண்ணு எதிர் முகமா போட்டு நட்டை இறுக்குனா போதும், 30206 டேப்பர் ரோலர் போட்டா அகலம் 17.25, ஸ்பேசர் வளையத்த கடையணும். பினிஷிங் கொஞ்சம் தேவலாமாச்சு. கத்தல் அப்படியேதான்.

அப்புறம்தான் புத்தி வந்து டயல் கேஜை (நுணுக்கமான அசைவ காட்டுற மீட்டர்) லேத்து பெட்டுல நிறுத்தி டூல் முனையில வெச்சு கையால அமுக்கிப் பாத்தேன், 0.08 மில்லி இறங்குது! டூலுக்கு அடியில இருக்கிற, கோணத்துக்கு திருப்பிக்கிற காம்பவுண்ட் ஸ்லைடுதான் திருடன். ஒரு ஸ்லைடு, ஒரு திருப்புற தட்டு, ரெண்டு ஜாயிண்ட்டும் ஆடுனா டூல் எப்படி நிக்கும்.

பொள்ளாச்சியில ஒரு சின்ன பட்டறை, பெரியவர் ஒருத்தர்தான். "ஏந்தம்பி, கம்பெனிக்காரன் போட்டத கழட்டுறியே"ன்னு சிரிச்சாரு, ஆனா காம்பவுண்டுக்கு பதிலா கிராஸ் ஸ்லைடுக்கும் டூல் போஸ்ட்டுக்கும் நடுவுல வெக்கற கட்டைக்கு பழைய காஸ்டிங் துண்டை எடுத்து மில்லிங் போட்டு, கிரைண்டிங் பண்ணி, ப்ளூ மை தடவி உக்காருதான்னு பாத்துத்தான் குடுத்தாரு. 1,800 ரூவா. நாலு எம் 8 போல்ட்டு. இப்ப அதே டெஸ்ட்டுல 0.02, சேடில் (பெட்டு மேல ஓடுற பாகம்) அடியில பட்டையையும் ஷிம் தகடு வெச்சு டைட் பண்ணுனேன், அதுவும் சேத்துதான். பார்ட்டிங் சுருள் சுருளா வருதுங்க!

கொறைன்னா, ஆலன் போல்ட்டு தலை உள்ள அமுங்குற குழிய ஆழம் பத்தாம போட்டுட்டாரு, மறுபடி ஒரு நடை, பஸ் செலவு நம்முது. சின்ன டேப்பர் (சரிவு) கடையணும்னா பழைய காம்பவுண்டை திரும்ப மாட்டணும், அது கட்டையோட கொணம், அவர் மேல தப்பில்ல.

போறவங்க டூல் போஸ்ட்டையும் கிராஸ் ஸ்லைடையும் கையோட தூக்கிட்டுப் போங்க, போன்ல போட்டோ காட்டுனா திரும்பிக்கூட பாக்க மாட்டாரு.