உடனே வாங்குவதா, விலை இறங்கட்டும் என்று பொறுப்பதா?

2006 நவம்பரில் டிவியில் இணைத்து விளையாடும் இரண்டு கேம் கன்சோல்கள் சில நாள் இடைவெளியில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. சோனியின் பிளேஸ்டேஷன் 3, 60 ஜிபி மாடல் 599 டாலர். நின்டென்டோவின் வீ 249 டாலர். இரண்டுமே லேசில் கிடைக்கவில்லை. ஆனால் தட்டுப்பாட்டுக்குக் காரணம் வேறு வேறு. அதனாலேயே, பொறுத்து வாங்கியவர்களுக்குக் கிடைத்த பலனும் வேறு வேறு.

பிஎஸ்3-ஐ இழுத்துப் பிடித்தது ஒரு பொடிப் பாகம்: புளூ-ரே டிஸ்க்கைப் படிக்கும் நீல லேசர் டயோடு. புதிய தொழில்நுட்பம் என்பதால் தேவையான அளவுக்குத் தயாரிக்க முடியவில்லை. ஐரோப்பிய வெளியீடே 2007 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. ஐசப்ளை என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 60 ஜிபி மாடலைக் கழற்றி, பாகம் பாகமாகக் கணக்குப் போட்டபோது அடக்கமே சுமார் 840 டாலர் வந்தது. புதுப் பாகங்களால் விலை ஏறிய பொருள் இறங்குவதற்கும் நிறைய இடம் உண்டு. டயோடு மலிவானது, சிப் சிறுத்தது. 2009-இல் ஸ்லிம் மாடல் 299 டாலருக்கு வந்துவிட்டது. மூன்று வருடத்தில் சரிபாதி!

வீ கதை நேர் எதிர். உள்ளே இருந்தது நின்டென்டோவின் முந்தைய கன்சோலான கேம்க்யூபின் சிப் வழிவந்தது. அதில் குறைக்க அதிகம் இல்லை. தட்டுப்பாடு வந்தது வாங்க வந்த கூட்டத்தால். கூட்டம் இருக்கும்வரை விலையை எதற்குக் குறைக்க வேண்டும்? 2009 செப்டம்பரில்தான் 199 ஆனது. மூன்று வருடம் பொறுத்தவருக்கு மிச்சம் 50 டாலர். என்னைக் கேட்டால் வீ கிடைத்த அன்றே வாங்கியிருக்க வேண்டிய பொருள், பிஎஸ்3 பொறுத்து வாங்கியிருக்க வேண்டியது.

பிஎஸ்3 விஷயத்தில் ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் முதல் மாடல்களுக்குள் பிஎஸ்2-இன் சிப்பும் இருந்தது, பழைய டிஸ்க்குகள் ஓடின. செலவைக் குறைத்தபோது சோனி அதை எடுத்துவிட்டது. அலமாரி நிறைய பிஎஸ்2 டிஸ்க் வைத்திருந்து ஸ்லிம் வாங்கியவருக்கு 300 டாலர் முழு லாபம் இல்லை.

அப்புறம் பிஎஸ்2, பிஎஸ்5. முன்னது 2000-இல் 299 டாலர், 2002-இல் 199, 2009-இல் 99. பொறுத்தால் இறங்கும் என்ற நம்பிக்கையை நம்மிடம் வளர்த்ததே இப்படிப்பட்ட பொருள்கள்தான். பிஎஸ்5 அதை உடைத்தது. 2022-இல் அதன் சிப் 7 நானோமீட்டர் தயாரிப்பு முறையிலிருந்து இன்னும் நுண்ணிய 6-க்கு மாறியது, அதாவது சிறுத்தது. பழைய கணக்குப்படி விலை இறங்க வேண்டும். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் ஐரோப்பாவில் 499 யூரோ 549 ஆனது. பணவீக்கமும் நாணய மதிப்பும் காரணம் என்றது சோனி. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவிலும் 499 டாலர் 549 ஆனது. சிப் சிறுத்தால் செலவு முன்போல் மளமளவென்று சரிவதில்லை.

எனவே இன்று ஒரு கன்சோல் அறிவித்த விலைக்கே கடையில் இருந்தால், தேவைப்படுபவர் வாங்கிவிடலாம். மொத்தமாக வாங்கிப் பதுக்கி இரட்டிப்பு விலை சொல்பவரிடம் மட்டும் வாங்க வேண்டாம். சரக்கு வரத் தொடங்கினால் அந்த விலை நிற்காது.

யாரும் வாங்காமல் தேங்கிக் கிடந்தால் மட்டும் பொறுப்பதற்கு உடனே பலன் உண்டு. 2011 மார்ச்சில் 249.99 டாலருக்கு வந்த நின்டென்டோ 3டிஎஸ் என்ற கையடக்கக் கன்சோல், ஆகஸ்டிலேயே 169.99 ஆனது. முதலில் வாங்கியவர்களைச் சமாதானப்படுத்த நிறுவனம் 20 பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்தது.