"இடம் உறுதி" என்று விற்கும் ஆலோசனை நிறுவனம்: பெர்க்லி வணிகப் பள்ளிக்கு மாற நினைக்கும் மாணவர்களின் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உள்ள ஹாஸ் வணிகப் பள்ளிக்கு மாற்றுச்சேர்க்கை பெற விரும்பும் மாணவர்களைக் குறிவைத்து இயங்கும் ஒரு ஆலோசனை நிறுவனத்துக்கு என் மகளுக்காக 4,200 டாலர் கொடுத்தேன். கொடுத்த பணத்துக்கு உருப்படியாக ஒரு வேலைகூட நடக்கவில்லை என்பதோடு, அவளுடைய விண்ணப்பமே கைநழுவிப் போகும் நிலையும் வந்தது. பணத்தைத் திரும்பப் பெறும் முயற்சி நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரை இப்போது எழுதவில்லை. ஆனால் இவர்கள் நம் மக்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில்தான் வலை விரிக்கிறார்கள்; பேசுகிறவரும் தமிழர்தான்; எதைக் கேட்டாலும் "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்" என்பதே பதிலாக இருக்கும். அவர்கள் என்னென்ன விற்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் ஆளை அடையாளம் கண்டுகொள்வது எளிது.

முதலில் அவர்கள் காட்டுவது உத்தரவாதத்தை. "கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி, கிடைக்காவிட்டால் முழுப் பணமும் வாபஸ்" என்று விளம்பரத்தில் இருக்கும். ஒப்பந்தத்தின் உள்ளே, இணைப்பில் உள்ள வளாகங்களில் ஏதேனும் ஒன்றில், ஏதேனும் ஒரு பாடப்பிரிவில் இடம் கிடைத்தாலே உத்தரவாதம் நிறைவேறியதாகக் கொள்ளப்படும் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த இணைப்பில் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களும் உண்டு. இந்த ஆறும் "டேக்" எனப்படும் மாற்றுச்சேர்க்கை உறுதித் திட்டத்தில் உள்ளவை. கம்யூனிட்டி காலேஜ் மாணவர் குறிப்பிட்ட பாடங்களை முடித்து, குறிப்பிட்ட ஜி.பி.ஏ.வையும் (சராசரி மதிப்பெண் புள்ளி) எட்டி, செப்டம்பர் மாதத்துக்குள் மனுச் செய்தால், அவற்றில் ஒரு வளாகத்தில் பல்கலைக்கழகமே இடத்தை உறுதிசெய்கிறது. சில பாடப்பிரிவுகளுக்கு மட்டும் விலக்கும் கூடுதல் நிபந்தனைகளும் உண்டு. இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ ஆகிய மூன்றும் இத்திட்டத்தில் இல்லை. ஆக, என் மகள் கேட்டது ஹாஸ். அவர்கள் உறுதியளித்ததோ பல்கலைக்கழகம் தகுதியுள்ள எல்லோருக்கும் இலவசமாகத் தருவது. அமெரிக்காவில் தனியார் கல்வி ஆலோசகர்களின் சங்கமான ஐ.இ.சி.ஏ., இடம் கிடைக்கும் என்று உறுப்பினர்கள் உத்தரவாதம் தருவதை ஏற்பதில்லை. இந்த ஒரு வாக்குறுதியே ஆளை எடைபோடப் போதுமானது.

அடுத்து "பேராசிரியர் பரிந்துரைக் கடிதத் தொகுப்பு" என்று 600 டாலர் தனியாக வாங்கினார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மாற்றுச்சேர்க்கை விண்ணப்பத்தில் பரிந்துரைக் கடிதம் கேட்கப்படுவதே இல்லை. வளாகம் ஒன்றுக்கு 80 டாலர் என்று இருக்கும் விண்ணப்பக் கட்டணத்தையும் 150 டாலராகக் காட்டிப் பட்டியல் போட்டிருந்தார்கள். அவர்கள் தந்த கையேட்டில், பெர்க்லியில் ஏற்கெனவே படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கான ஈராண்டுத் திட்டமாகவே ஹாஸ் விவரிக்கப்பட்டிருந்தது. 2024 முதல் அங்கே முதலாண்டிலேயே மாணவர்களைச் சேர்க்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாதா, அல்லது கையேட்டைத் திருத்தும் செலவை மிச்சப்படுத்தினார்களா என்பதை நான் அறியேன்.

கட்டுரை விஷயத்தை விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த விண்ணப்பத்தில் மாற்றுச்சேர்க்கை மாணவர் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். ஒவ்வொரு பதிலும் 350 சொற்களுக்கு மேல் போகக் கூடாது. ஒரு கேள்வி கட்டாயமானது. அது தேர்ந்தெடுத்த பாடப்பிரிவுக்கு மாணவர் எப்படித் தயாராகியிருக்கிறார் என்பதைப் பற்றியது. மகள் எழுதிய பதிலை "மெருகேற்றித் தருகிறோம்" என்று வாங்கிக்கொண்டு அவர்கள் திருப்பி அனுப்பிய கோப்பில் 640 சொற்கள் இருந்தன. 650 சொற்கள் வரை அனுமதிக்கும் காமன் ஆப் (வேறு பல கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம்) கட்டுரைக்காக எப்போதோ எழுதப்பட்டது அது என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. மகள் ஒருநாளும் வேலை பார்த்திராத ஒரு துணிக்கடையின் கணக்குவழக்கைச் சீர்செய்ததாக அதில் ஒரு கதை இருந்தது. மூன்றாவது பத்தியில் வேறொரு மாணவரின் பெயர் அழிக்கப்படாமல் அப்படியே கிடந்தது. பல்கலைக்கழகம் இப்பதில்களைக் காப்பியடிப்புச் சோதனைக்கு உட்படுத்துகிறது. விண்ணப்பத்தில் சொன்னவற்றுக்குச் சான்று கேட்கவும் செய்கிறது. அந்தக் கோப்பை அப்படியே பதிவேற்றியிருந்தால் பொய் சொன்னவள் என்ற பெயர் மகளுக்குத்தான் வந்திருக்கும். அவள் அதை ஒதுக்கிவிட்டுத் தானே எழுதினாள்.

புள்ளியியல் பாடத்தில் அவர்கள் சொன்ன யோசனை வேறு வகையான கேடு. ஹாஸுக்குக் கால்குலஸ், புள்ளியியல், பொருளியல் உள்ளிட்ட முன்தேவைப் பாடங்களைச் சேர்க்கைக்கு முந்தைய வசந்த பருவத்துக்குள் முடித்திருக்க வேண்டும். "சுலபமாக ஏ கிரேடு வாங்கலாம்" என்று, வேறு மாநிலத்துக் கல்லூரி ஒன்றின் இணையவழிக் கோடைப் பாடத்தில் அவளைச் சேரச் சொன்னார்கள். எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் பெர்க்லியின் எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்பதை "அசிஸ்ட்" இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதில் கலிபோர்னியாவின் கல்லூரிகள் மட்டுமே உண்டு. வெளிமாநிலப் பாடம் ஏற்கப்படுமா என்பதற்கு அங்கே விடை இல்லை. அவளுடைய கல்லூரியில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றுச்சேர்க்கை ஆலோசகர் அம்மையார் இதை முதல் சந்திப்பிலேயே கண்டுபிடித்து, அசிஸ்டில் உள்ள பாடத்தை வசந்த பருவத்தில் எடுக்கச் சொன்னார். கோடைப் பாடத்துக்குக் கட்டிய தொகை போனது போனதுதான்.

எல்லாவற்றிலும் மோசமானது விண்ணப்பக் கணக்கு. மாணவரின் மின்னஞ்சலுக்குப் பதிலாகத் தங்கள் நிறுவன மின்னஞ்சலைக் கொடுத்துக் கணக்கைத் திறந்து, கடவுச்சொல்லையும் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள். "டெட்லைன் தவறாமல் இருக்க" என்பது சொல்லப்படும் காரணம். நவம்பரில் விண்ணப்பம் போனபின் ஜனவரியில் இலையுதிர்ப் பருவ மதிப்பெண்களையும் வசந்த பருவப் பாடங்களையும் புதுப்பித்துத் தர வேண்டும். அதற்கு ஜனவரி 31 கடைசி நாள். எங்களுக்கு வர வேண்டிய நினைவூட்டல்கள் அவர்களுக்கே போயின. கடவுச்சொல்லைக் கேட்டபோது, ஏப்ரலில் முடிவு வந்தபின் தர வேண்டிய இறுதித் தவணையை இப்போதே கட்டினால்தான் தருவோம் என்றார்கள். கெடு நெருங்கிவிட்டதால் கட்ட வேண்டியதாயிற்று. கணக்கு கைக்கு வந்ததும் மகள் செய்த முதல் வேலை மின்னஞ்சலை மாற்றியதுதான்.

முந்தைய தவணைகளை ஸெல் எனும் வங்கிப் பணப்பரிமாற்றச் சேவை வழியாக வாங்கியிருந்தார்கள். அதைத் திரும்பப் பெற வங்கியால் உதவ முடியவில்லை. இறுதித் தவணையைக் கிரெடிட் கார்டில்தான் கட்டுவேன் என்று நான் பிடிவாதமாக நின்றதால், அதை மறுத்துக் கார்டு நிறுவனத்திடம் எழுத்து மூலம் முறையிட்டிருக்கிறேன். பில் வந்த 60 நாட்களுக்குள் இதைச் செய்ய வேண்டும். மீதித் தொகையைக் கேட்டுப் பதிவுத் தபால் அனுப்பியாயிற்று. பதில் வராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றத்தில் எஸ்.சி. 100 எனும் வழக்குக் கோரிக்கைப் படிவத்தைத் தாக்கல் செய்வேன். தனிநபர் அங்கே 12,500 டாலர் வரை கோரலாம், வழக்கறிஞரும் தேவையில்லை. இதே நிறுவனத்திடம் இப்போது பணம் கட்டியிருப்பவர்கள், முடிவுக்காகக் காத்திராமல் இன்றே விண்ணப்பக் கணக்கில் யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது என்று பாருங்கள். ஒப்பந்தத்தின் இணைப்புப் பக்கத்தையும், அவர்கள் அனுப்பிய கட்டுரைக் கோப்புகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.