ஒன்பது வருடம் மாடி பஸ்ஸில் போய் வந்தவன் சொல்கிறேன்: கீழ்த்தளத்தைப் பாருங்கள்

ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் என் மாமா பையன் ஒருத்தன் இருக்கிறான். பஸ் என்றால் அவனுக்கு உயிர். ஹாரன் சத்தத்தைக் கேட்டே எந்த வண்டி வருகிறது என்று சொல்லிவிடுவான். முன்கண்ணாடி வளைவைப் பார்த்து, கரூரில் எந்தப் பட்டறையில் பாடி கட்டியது என்றும் சொல்வான். அவனும் அவன் சேக்காளிகளும் கொஞ்ச நாளாகப் புது டபுள் டெக்கர் படங்களாக அனுப்பித் தள்ளுகிறார்கள். மும்பைச் சிவப்பு, லண்டன் சிவப்பு, சிங்கப்பூர்ப் பச்சை. எந்த வண்டிக்கு மூஞ்சி எடுப்பு, எந்த ஹெட்லைட் கண்ணைப் பறிக்கிறது, பின்பக்கம் ஏன் இப்படி மொட்டையாக இருக்கிறது என்று ராத்திரி பன்னிரண்டு மணிவரை சண்டை. கடைசியில் என்னிடம் வந்து நிற்பான். "மச்சான், நீ அதுலயே போய் வந்தவன். நீ சொல்லு."

சொல்கிறேன். 2014 முதல் 2023 வரை சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைக்குப் போய் வர இரண்டு. பெரும்பாலும் மாடி பஸ்தான். அங்கே 1977லிருந்து ஓடுகிறது, யாரும் அதை அதிசயமாகப் பார்ப்பதில்லை.

நான் பார்த்தேன். முதல் வருடம் முழுக்க மேல்மாடி முன்சீட்டுக்காக இரண்டு பஸ்ஸைக்கூட விட்டிருக்கிறேன். முழங்காலிலிருந்து தலைக்கு மேல் வரை கண்ணாடி. டிரைவர் காலுக்குக் கீழே எங்கோ இருப்பார், கண்ணில் படமாட்டார். வண்டி திரும்பும்போது நாம் ரோட்டைத் தாண்டி அந்தரத்தில் போய், பிறகு உள்ளே வருகிற மாதிரி இருக்கும். வள்ளத்தின் அணியத்தில், அதாவது முன்முனையில், நின்று போனவனுக்குத்தான் அந்தச் சுகம் புரியும். தூங்குமூஞ்சி மரத்துக் கிளை கண்ணாடியில் சரக்கென்று உரசும்போது ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்திருக்கிறேன்.

இரண்டாவது வருடத்திலிருந்து எனக்குப் படிக்கட்டுதான் கண்ணில் பட்டது.

மாடி பஸ்ஸில் படி டிரைவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். குறுகலாகத் தொடங்கி வளைந்து ஏறும். வண்டி நிற்கும்போது ஏறினால் ஒன்றுமில்லை, ஆனால் அங்கே யாரும் நமக்காக நிற்பதில்லை. ஏறி நாலு படி போவதற்குள் வண்டி கிளம்பிவிடும். இறங்கும்போது இன்னும் கஷ்டம். நிறுத்தம் வருவதற்கு முன்பே எழுந்து, ஓடுகிற வண்டியில் இறங்கி, கார்டைத் தட்டி வெளியே வர வேண்டும். ஒரு மழை நாளில், சேஃப்டி ஷூ ஈரத்தோடு இறங்கிக்கொண்டிருந்தேன், வண்டி பிரேக் பிடித்தது. ஐந்தாவது படி விளிம்பில் கணுக்கால் எலும்பு போய் இடித்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு எந்த மாடி பஸ்ஸில் ஏறினாலும் முதலில் கம்பியைப் பார்ப்பேன். படி வளைகிற இடத்தில் ஒரு கையை எடுக்கும் முன் அடுத்த கைக்குப் பிடி கிடைக்கிறதா? படி விளிம்பில் மஞ்சள் பட்டை இருக்கிறதா, ராத்திரி அது தெரிகிறதா? இதையெல்லாம் ஒழுங்காகச் செய்த வண்டியும் உண்டு, செய்யாத வண்டியும் உண்டு. வெளியிலிருந்து எடுத்த படத்தில் இது தெரியாது.

அதனால்தான் மூன்று கதவு, இரண்டு படிக்கட்டு வண்டி வந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். 2017ல் சோதனைக்கு விட்டார்கள். 2021 வாக்கில் நிறையவே வந்துவிட்டன. முன்படியில் ஏறிப் பின்படியில் இறங்கலாம். ஏறுகிறவனும் இறங்குகிறவனும் நடுப்படியில் முட்டிக்கொண்டு நிற்கிற கதை முடிந்தது. மேலே எத்தனை சீட் காலி என்று படிக்குப் பக்கத்திலேயே எழுத்தில் காட்டும், வீணாக ஏறிப் பார்த்துத் திரும்ப வேண்டாம். மேல்மாடியில் நிற்கக்கூடாது என்பது அங்கே விதி, அதனால் இந்தச் சின்னத் திரை பெரிய உபகாரம். இரண்டாவது படி வந்ததில் சில சீட் குறைந்துவிட்டது என்று ரசிகர்கள் குறைப்பட்டார்கள். சீட்டு போனால் போகட்டும், படிதான் எனக்கு வேண்டும்.

2018ல் அப்பா வந்திருந்தார். முப்பது வருடம் கடலுக்குப் போனவர். மேலே கூட்டிப் போனேன். உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: "மேல இம்புட்டுப் பேர் ஏறுனா கவுந்துறாதா?" லண்டனில் மேல்மாடியில் மட்டும் ஆள் எடைக்கு மணல் மூட்டை அடுக்கி, கீழே காலியாக விட்டு, வண்டியை 28 டிகிரி சாய்த்துப் பார்ப்பார்கள், கவிழக்கூடாது என்று சொன்னேன். இன்ஜின், அச்சு, கனமானது எல்லாம் அடியில் கிடக்கிறது, மேலே வெறும் கூடுதான். "அடியில பாரம் இருக்குல்ல, அப்பச் சரி" என்றார். மீனையும் ஐஸையும் படகுக்கு அடியில் ஏன் போடுகிறோம் என்று தெரிந்தவருக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது ரசிகர்கள் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாடியை ஒரு அளவான உயரத்துக்குள் அடக்க வேண்டும். நம் நாட்டு மோட்டார் வாகன விதிப்படி மாடி பஸ் 4.75 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. இரண்டு தளத்திலும் ஆள் தலை நிமிர்ந்து நடக்க வேண்டுமென்றால் கீழ்த்தளத்தைத் தரையோடு தரையாக இறக்கியாக வேண்டும். ஆக, மாடி வேண்டும் என்று செய்கிற வண்டியில் நமக்குத் தாழ்தளமும் சேர்ந்து கிடைத்துவிடுகிறது. நடைபாதையிலிருந்து ஒரே எட்டு. சக்கர நாற்காலிக்காரர் வந்தால் டிரைவர் இறங்கி வந்து, நடுக்கதவில் மடித்து வைத்த பலகையைத் திருப்பிப் போடுவார், நாற்காலி நேராக உள்ளே உருளும். ஒன்பது வருடத்தில் இதை எத்தனை தடவை பார்த்தேனோ, ஒவ்வொரு தடவையும் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது.

அம்மா பாம்பனில் மீன் எடுத்து ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோய் விற்றவர். இன்றும் வாரத்தில் நாலு நாள் போகிறார். இங்கே வருகிற வண்டிக்கு மூன்று படி, முதல் படியே முழங்காலுக்கு மேல். அம்மா முதலில் தலையிலிருந்து அன்னக்கூடையை இறக்கிப் படியில் வைப்பார். இடது கையால் கம்பியைப் பிடித்து, வலது முழங்காலை உள்ளங்கையால் ஒரு அமுக்கு அமுக்கிக் காலைத் தூக்கி வைப்பார். பிறகு குனிந்து கூடையை அடுத்த படிக்குத் தள்ளுவார். கூடையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் சேலைக் கரையில் இறங்கும். இதற்குள் விசில் அடித்துவிட்டால் ஒரு காலோடு அப்படியே தொங்க வேண்டியதுதான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், அதில் அம்மாவுக்கு மிச்சம் உண்டு, மனசார வாழ்த்துகிறார். ஆனால் படியின் உயரம் அப்படியேதான் இருக்கிறது. 2024ல் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் மறுபடி ஓடத் தொடங்கியபோது அந்த வீடியோவை அம்மாவுக்குக் காட்டினேன். "நம்ம பக்கம் எப்ப வரும்?" என்றார்.

மற்ற ஊர் வண்டிகளைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். லண்டனில் 2012ல் ஓடத் தொடங்கிய புது ரூட்மாஸ்டர் என்கிற மாடி பஸ்ஸை ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். தாமஸ் ஹெதர்விக்கின் குழு வடிவமைத்தது. மூன்று கதவு, இரண்டு படி, படியை ஒட்டியே சரிந்து ஏறுகிற கண்ணாடிப் பட்டை. படத்தில் நானும் வாய் பிளந்தேன். ஆனால் ஜன்னலைத் திறக்க முடியாமல் வைத்துவிட்டார்கள். வெயில் காலத்தில் மேல்மாடி அடுப்பாகி, 2015 முதல் திறக்கிற ஜன்னலாக மாற்ற வேண்டி வந்தது. லண்டன் வெயிலுக்கே அந்தக் கதி என்றால், சித்திரையில் உச்சிப்புளி ரோட்டில் ஏசி நின்றுபோன ஒரு மூடிய வண்டியை நினைத்துப் பாருங்கள். எவ்வளவு நல்ல ஏசி இருந்தாலும் மேல்மாடியில் நாலு ஜன்னலாவது திறக்க வேண்டும்.

மும்பையில் போன வருடம் இரண்டு நாள் ஏறினேன். பழைய டீசல் மாடி பஸ் 2023 செப்டம்பர் 15ந்தேதியோடு போய்விட்டது. இப்போது அசோக் லேலண்ட் குழுமத்து ஸ்விட்ச் நிறுவனத்தின் மின்சார வண்டி. இரண்டு கதவு, இரண்டு படி, அறுபத்தைந்து பேர் உட்காரலாம். பழசின் பின்வாசல் திறந்தவெளியும் காற்றும் போய்விட்டதே என்று ரசிகர்களுக்கு ஆதங்கம், அது எனக்கும் உண்டு. ஆனால் இதன் உடம்பு அலுமினியம். கடற்கரை ஊர்க்காரனுக்கு அது லேசான விஷயமில்லை. உப்புக் காற்றில் இரும்புத் தகடு எந்த வேகத்தில் கருவாடாகும் என்று எங்களுக்குத் தெரியும். 2025ல் திறந்த புதுப் பாம்பன் ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத கம்பியும் தனிப் பெயின்டும் போட்டிருக்கிறார்கள்.

மாமா பையனின் கனவு, ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனைக்கு ஒரு மாடி பஸ். இரண்டு பக்கமும் கடல், மேலே முன்சீட்டு. ஆசை எனக்கும் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வண்டி தீவை விட்டுப் பாலம் தாண்டி வருவதென்றால் யோசிக்க வேண்டும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பாம்பன் ரோட்டுப் பாலத்தில் பைக் ஓட்டியவன் நான். இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல், ஒதுங்க மறைவே கிடையாது. பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்துவார்கள். சாய்த்துப் பார்க்கிற சோதனையில் தேறிய வண்டியானாலும், பக்கவாட்டில் அத்தனை பெரிய சுவரைக் காட்டிக்கொண்டு அந்தக் காற்றில் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தீவுக்குள்ளேயே, காற்று தணிந்த மாதங்களில், ஓரத்து உடைமரக் கிளைகளை வெட்டிவிட்டு ஓட்டட்டும். பாலத்தில் ஏற வேண்டாம். எங்களுக்கு முதலில் வேண்டியது மாடி பஸ்ஸின் கீழ்த்தளம் மட்டும்.

இதை அவனிடம் சொன்னபோது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வலைக்கூடையைப் பின்னிக்கொண்டிருந்தார். அவன் செல்போனில் மும்பை வண்டியின் உட்பக்கப் படத்தைக் காட்டினான். அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "கூடைய எங்கய்யா வைக்கிறது?" என்று கேட்டார். நான் படத்தைப் பெரிதாக்கிப் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற முக்கோண இடத்தைக் காட்டினேன். இரண்டு அன்னக்கூடைக்குத் தாராளமாகக் காணும். தண்ணீர் வடிய ஒரு தட்டும், வெளியே போக ஒரு குழாயும் வேண்டும். அவன் நோட்டை எடுத்து வரைய ஆரம்பித்துவிட்டான்.