புது கார் ஆயில் குடிக்கிறதா? டீலரிடம் வேலை வாங்க எந்த வழி தேறும்

“இந்த என்ஜினுக்கு அது நார்மல்தான் சார்.” வாங்கி இரண்டு வருடம்கூட ஆகாத காரில் ஆயில் குறைகிறது என்று போனால், சர்வீஸ் சென்டரில் முதலில் வரும் பதில் இதுதான். கையோடு ஓனர்ஸ் மேனுவலைத் திறந்து ஒரு வரியையும் காட்டுவார்கள். டொயோட்டாவின் பல கையேடுகளில் 1,000 கி.மீ.க்கு அதிகபட்சம் 1 லிட்டர் என்று இருக்கும். ஃபோக்ஸ்வாகன் குடும்பத்தில் அரை லிட்டர். அச்சில் இருக்கிறதே என்று பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சின்ன பெட்ரோல் என்ஜினில் மொத்தமே மூன்றரை, நாலு லிட்டர் ஆயில்தான். சர்வீஸ் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை. கையேட்டு வரியை அப்படியே எடுத்துக்கொண்டால், ஒரு சர்வீஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் 10 லிட்டர் ஊற்ற வேண்டும். ஊரில் யார் வண்டியாவது அப்படி ஓடுகிறதா? அந்த வரி கம்பெனி தன் பாதுகாப்புக்காக எழுதி வைத்துக்கொண்டது.

இன்னொன்று. அமெரிக்காவில் 2007 முதல் 2009 வரை வந்த கேம்ரியின் 2.4 லிட்டர் என்ஜின் ஆயில் குடிக்கத் தொடங்கியபோது, அதே டொயோட்டா வைத்த அளவுகோல் 1,200 மைலுக்கு ஒரு குவார்ட். அதாவது சுமார் 1,900 கி.மீ.க்கு ஒரு லிட்டருக்கும் சற்றுக் குறைவு, கையேட்டு வரியில் கிட்டத்தட்ட பாதி. டெஸ்டில் அதைத் தாண்டிய வண்டிகளுக்கு பிஸ்டனையும் அதைச் சுற்றியுள்ள ரிங்கையும் கம்பெனி செலவில் மாற்றிக் கொடுத்தார்கள். சுபாருவும் இதே புகாரில் கோர்ட் வரை இழுபட்டு, 2016-இல் முடிந்த சமரசத்தில் சில மாடல்களுக்கு என்ஜின் வாரண்டியை 8 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் என்று நீட்டியது. இரண்டு இடத்திலும் வண்டிக்காரர் கையில் இருந்தது அளந்து எடுத்த ஒரு எண். கீழே உள்ள வழிகளையும் நான் அதை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: எந்த வழியில் போனால் கையில் ஒரு எண்ணும் ஒரு தாளும் மிஞ்சும்?

டாப்-அப் போட்டுக்கொண்டே ஓட்டுவது

டீலருக்கு மிகவும் பிடித்த வழி. சண்டை கிடையாது, டிக்கியில் ஒரு கேன் போட்டுக்கொண்டால் போதும். ஐயாயிரம் கி.மீ.க்கு அரை லிட்டர் குறைகிற வண்டிக்கு இதுவே சரி, மேலே போய் அலைய வேண்டாம். அதற்கு மேல் குறைந்தால்தான் வம்பு. எரிகிற ஆயிலில் உள்ள பாஸ்பரஸ், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் படிந்து அதைக் கெடுக்கும், ஸ்பார்க் பிளக்கிலும் கரி ஏறும். அதைவிட மோசமானது, வாரண்டி ஓடிக்கொண்டே இருக்கும், நீங்களோ பெட்ரோல் பங்கில் ஆயில் வாங்கி ஊற்றிக்கொண்டு எந்தப் பதிவும் இல்லாமல் இருப்பீர்கள். வாரண்டி முடிந்த மறுநாள் போனால், “இவ்வளவு நாள் நீங்க கம்ப்ளெயின்ட் பண்ணவே இல்லையே சார்” என்பார்கள். அதற்குப் பதில் சொல்ல முடியாது.

டீலரிடமே ஆயில் டெஸ்ட் வைப்பது

என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் டெஸ்டை எப்படி வைக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதல் இடறல் ஜாப் கார்டு, அதாவது வண்டியை விடும்போது உங்கள் புகாரைப் பதிகிற தாள். ஆயில் குறைகிறது என்று நீங்கள் பத்து நிமிடம் விளக்குவீர்கள். அட்வைசர் தலையாட்டிக்கொண்டே ‘ஜெனரல் செக்-அப்’ என்று தட்டிவிடுவார். என் மைத்துனர் வண்டிக்கு இது நடந்தது. கையெழுத்துப் போடும் முன் நான் எட்டிப் பார்த்து, “தம்பி, நான் சொன்னதை அப்படியே அடிங்க, 3,000 கி.மீ.ல ஒரு லிட்டர் டாப்-அப்னு” என்றேன். “சிஸ்டத்துல அந்த ஆப்ஷன் இல்ல சார்” என்றார். கஸ்டமர் வாய்ஸ் என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் அடித்தார். அந்த ஒரு வரிதான் பிறகு கம்பெனி வரை போனது.

டெஸ்ட் இப்படி: முதலில் லீக் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் ஆயிலும் ஃபில்டரும் புதிதாக மாற்றி, அளந்து ஊற்றி, டிரெயின் போல்ட், ஃபில்லர் மூடி, டிப்ஸ்டிக் மூன்றிலும் பெயின்ட் மார்க்கோ சீலோ வைப்பார்கள். ஆயிரம், இரண்டாயிரம் கி.மீ. ஓட்டிவிட்டு வரச் சொல்வார்கள். திரும்பி வந்ததும் வடித்து அளப்பதுதான் முறை. பல இடங்களில் டிப்ஸ்டிக்கை மட்டும் பார்த்து “லெவல் ஓகே” என்று முடித்துவிடுவார்கள். வடித்து அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஆயில் ஊற்றிய அன்றே டிப்ஸ்டிக்கை உங்கள் கண்ணால் பாருங்கள். சமதரையில் வண்டி, என்ஜின் நின்று பத்து நிமிடம், ஒருமுறை துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். மேல் கோட்டைத் தாண்டி இருந்தால் அங்கேயே நிறுத்தி வடிக்கச் சொல்லுங்கள். பல கார்களில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய ஒரு லிட்டர். முந்நூறு மில்லி கூடுதலாக ஊற்றிவிட்டால், உண்மையில் குறைந்த ஆயில் டிப்ஸ்டிக்கில் தெரியாமல் போகும். வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ‘கொஞ்சம் கூடவே இருக்கட்டும்’ என்று ஊற்றுகிற கை எல்லாப் பட்டறையிலும் உண்டு. ஓடோமீட்டரும் டிப்ஸ்டிக்கும் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ரோட்டில் ஓட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். தாம்பரத்துக்கும் கிண்டிக்கும் நடுவே ஊர்ந்துகொண்டே ஆயிரம் கி.மீ. ஓட்டினால், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து லெவலைத் தூக்கிக் காட்டும். பிஎஸ்6 டீசலில் இது இன்னும் அதிகம். டிபிஎஃப் என்கிற புகைக்கரி ஃபில்டரைச் சுத்தம் செய்ய என்ஜின் கூடுதலாக டீசல் பீய்ச்சுகிறது, அதில் ஒரு பங்கு ஆயிலில் இறங்கிவிடும். ஆயில் எரிந்துகொண்டிருந்தாலும் லெவல் அப்படியே நிற்கும், சில வண்டியில் ஏறக்கூடச் செய்யும். அதனால் டெஸ்ட் காலத்தில் ஒரு நீண்ட ஓட்டம் வேண்டும். சென்னையிலிருந்து மதுரை போய்வந்தாலே 900 கி.மீ. தாண்டும்.

டீலர் இன்னொரு சீட்டையும் இறக்குவார்: “கம்ப்ரஷன் செக் பண்ணிட்டோம் சார், பக்காவா இருக்கு.” இருக்கத்தான் செய்யும். கம்ப்ரஷனைப் பிடிப்பது மேலே உள்ள இரண்டு ரிங். ஆயிலை வழித்து இறக்குவது கீழே உள்ள ஆயில் ரிங். மைலேஜுக்காக ரிங்கின் இறுக்கத்தைக் குறைத்து, ஆயிலையும் 0டபிள்யூ-20 என்று தண்ணீர்போல ஆக்கிய இன்றைய என்ஜின்களில், அந்த ஆயில் ரிங்கின் துளைகளில் கரி அடைத்து ரிங் ஒட்டிக்கொள்வது சகஜம். கம்ப்ரஷன் நன்றாக இருந்துகொண்டே ஆயில் போகலாம்.

டீலரைத் தாண்டி கம்பெனிக்குப் போவது

டெஸ்டுக்கு மாற்றாக இதைச் சொல்கிறவர்கள் உண்டு. டெஸ்ட் முடிவு கையில் இல்லாமல் போனால், கஸ்டமர் கேரில் ஒரு கம்ப்ளெயின்ட் நம்பர் கொடுத்து அதே டீலருக்கே திருப்பி அனுப்புவார்கள். அதே அட்வைசர், அதே நார்மல் சார்.

முடிவு கையில் இருந்தால் கதை வேறு. வாரண்டி வேலைக்குப் பணம் கொடுப்பது கம்பெனி. என்ஜினைத் திறக்க அவர்கள் அனுமதி வேண்டும், கிளெய்ம் தள்ளுபடியானால் நஷ்டம் டீலருக்கு. டீலர் பின்வாங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த பயம்தான். ஆகவே முடிவு எடுக்கிற ஆள் கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜர். அவர் வந்து பார்க்கும் தேதியைக் கேட்டு மெயில் போடுங்கள். ஜாப் கார்டு, டெஸ்ட் அளவு, போட்டோ மூன்றையும் இணையுங்கள். போனில் பேசுவது எதற்கும் உதவாது.

இதற்கும் டீலருக்கும் நடுவே ஒரு சின்ன வழி உண்டு: அதே கம்பெனியின் வேறு டீலர். நீங்கள் எந்த ஷோரூமில் வாங்கியிருந்தாலும் வாரண்டி எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலும் செல்லும். என்ஜின் இறக்கிப் பழகிய பெரிய ஒர்க்‌ஷாப் இருக்கும் ஊரில் காட்டுவது, சின்ன ஊர் டீலரோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவதைவிட மேல்.

1915-ம் நுகர்வோர் ஆணையமும்

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு செலவில்லை. பெரிய கம்பெனிகள் அதில் வரும் புகாருக்குப் பதில் சொல்லியாக வேண்டிய நெருக்கடியில் இருப்பதால், மெயிலுக்கு வாய் திறக்காதவர்கள் இதற்குத் திறப்பதுண்டு. அது வெறும் தட்டிக் கேட்கிற இடம்தான், உத்தரவு போடாது.

உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்தின்படி நீங்கள் வசிக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம், ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். 50 லட்சம் வரை விலை கொடுத்த கார் என்றால் மாவட்ட அளவிலேயே முடிந்துவிடும். 10 முதல் 20 லட்சம் வரை கொடுத்த காருக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பரிசோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதை நம்பி நாள் குறிக்காதீர்கள்.

புது கார் கிடைக்கும் என்ற கனவும் வேண்டாம். மாருதிக்கு எதிராக கிளட்ச் கோளாறுக்காக ஒருவர் போட்ட வழக்கில், வாரண்டி என்பது கெட்ட பாகத்தை மாற்றத்தானே தவிர வண்டியையே மாற்ற அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் சொல்லிவிட்டது. வழக்குப் போட்டால் டீலர், கம்பெனி இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். 2021-இல் டாடா மோட்டார்ஸ் வழக்கில், டீலர் செய்த தவறுக்குத் தனக்குத் தெரியாத நிலையில் கம்பெனி பொறுப்பாகாது என்று தீர்ப்பு வந்தது. கம்பெனிக்கு மெயில் போட்டு வைப்பது இங்கேயும் கைகொடுக்கும்: தெரியாது என்று அவர்களால் சொல்ல முடியாது.

வெளி மெக்கானிக்

வாரண்டி இருக்கும் வரை என்ஜினில் ஸ்பேனர் வைக்க விடாதீர்கள். அவ்வளவுதான். வாரண்டி முடிந்த வண்டிக்கு மட்டும் இது முதல் வழி: என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள், சில நூறு ரூபாயில் ஆயில் குறைவது நின்ற வண்டிகள் உண்டு. நைட் நிறுத்திவிட்டுக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை வந்தால் வால்வ் சீல் மேல் சந்தேகம். ஏற்றத்தில் மிதிக்கும்போது வந்தால் ரிங் மேல்.

கம்பெனி சம்மதித்த பிறகு

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். முதலில் வருவது ஃபிளஷ் (என்ஜினை உள்ளே கழுவுவது), பிசிவி மாற்றம், ஆயில் மாற்றம். மறுக்காதீர்கள், ஆனால் முடிந்ததும் இன்னொரு டெஸ்ட் உண்டு என்று எழுதி வாங்குங்கள். அடுத்தது பிஸ்டனில் கெமிக்கல் ஊற்றி ஊறவைப்பது. கரி இளகிக் கொஞ்ச நாள் நன்றாக ஓடும், வாரண்டி முடியும் வரைக்குமாவது.

உண்மையான தேர்வு ரிங் மாற்றத்துக்கும் ஹாஃப் என்ஜினுக்கும் (பிளாக், பிஸ்டன், ரிங் சேர்ந்த கீழ்ப்பாதி) இடையில். ரிங்கை மட்டும் மாற்றினால், பழைய வடிவ பிஸ்டனில் அதே சின்னத் துளைகள் மறுபடி அடைபடும். டொயோட்டா அன்று பிஸ்டனையும் சேர்த்து மாற்றியது இதனால்தான். புதிய வடிவ பிஸ்டன் வருகிறதா என்று பார்ட் நம்பரோடு கேளுங்கள். இல்லையென்றால் ஹாஃப் என்ஜின் கேளுங்கள். ஃபேக்டரியில் பூட்டி வருவதால் டீலர் பட்டறையின் கைப்பக்குவத்தை நம்ப வேண்டியதில்லை.

அதில் ஒரு சள்ளை உண்டு. பிளாக் மாறினால் என்ஜின் நம்பரும் மாறும், ஆர்சி புத்தகத்திலும் இன்சூரன்ஸிலும் பழைய நம்பரே இருக்கும். டெலிவரி எடுக்கும் அன்றே டீலரிடம் கடிதமும் இன்வாய்ஸும் வாங்கி ஆர்டிஓ அலுவலகத்தில் திருத்திவிடுங்கள். விற்கப் போகிற அன்று தெரியவந்தால், அந்த சர்வீஸ் சென்டரில் யாருக்கும் உங்கள் முகம் நினைவில் இருக்காது.

வாரண்டி ஒரு வருடத்துக்கு மேல் மீதம் இருந்தால் நிதானமாக டெஸ்ட், பிறகு கம்பெனி. இரண்டு மூன்று மாதம்தான் மீதம் என்றால் டெஸ்ட் முடியும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஜாப் கார்டு போட்டு, அதே நாளில் கம்பெனிக்கு மெயிலும் அனுப்பிவிடுங்கள். புகார் வாரண்டிக்குள் பதிவானது என்பதுதான் அப்போது உங்கள் ஒரே பிடி. வாரண்டி சில மாதம் முன்பே முடிந்துவிட்டதென்றால் உரிமையாகக் கேட்க முடியாது, குட்வில் என்று கேட்கலாம். சர்வீஸ் எல்லாம் கம்பெனியிலேயே செய்த வண்டிக்கு பாகத்தின் விலையில் ஒரு பங்கை அவர்கள் ஏற்பதுண்டு. எத்தனை சதவீதம், லேபர் யார் தலையில் என்பதை என்ஜினை இறக்குவதற்கு முன்பே மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.