பழைய வானொலி நாடகம் தருகிறோம் என்று 18,500 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள், கவனம்

கோபம் ஆறுவதற்கு முன்பே எழுதிவிடுகிறேன். ஆறினால் "சரி, போகட்டும்" என்று விட்டுவிடத் தோன்றும். போகட்டும் என்று விடக்கூடிய தொகை இல்லை இது. 18,500 ரூபாய். அதுவும் என் ஒருவனின் பணம் இல்லை, நாலு பேர் பங்கு போட்டுச் சேர்த்த காசு.

பணத்தை எடுத்தது, பழைய கசெட், இசைத்தட்டு, வானொலிப் பதிவுகள் விற்கும் ஓர் இணையப் பக்கம். பொலிஸ் முறைப்பாடு கொடுக்கப் போவதால் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர்கள் எப்படி வலை விரிக்கிறார்கள் என்று வாசித்தாலே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

1970களில் இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற நகைச்சுவை நாடகம் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கேட்காத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நாலு பேர்: மரிக்கார், உபாலி, அப்புக்குட்டி, ஐயர். மரிக்காரின் வாயில் முஸ்லிம் மக்களின் பேச்சுத் தமிழ் வரும். உபாலி சிங்களவர், தமிழைத் தன் பாட்டுக்கு வளைத்துப் பேசுவார். அப்புக்குட்டி அசல் யாழ்ப்பாணம். ஐயருக்குப் பிராமணத் தமிழ். ஒருவர் சொன்னதை இன்னொருவர் தன் காதுக்கு விளங்கியபடி எடுத்துக்கொள்வார், அங்கே தொடங்கும் கூத்து.

மரிக்காராக எஸ். ராமதாஸ், உபாலியாகச் செல்வசேகரன், அப்புக்குட்டியாக ராஜகோபால், ஐயராக பி.எச். அப்துல் ஹமீது. முஸ்லிமாகப் பேசியவர் முஸ்லிம் இல்லை, சிங்களவராகப் பேசியவர் தமிழர், ஐயராகப் பேசியவர் முஸ்லிம். ஊர் இவர்களை மரிக்கார் ராமதாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால் என்றுதான் கூப்பிட்டது. 1976இல் 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. படம் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் வானொலியில் வெறும் குரலாக அந்த நாலு பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கதைத்ததற்கு ஈடு வராது.

எங்கள் வட்ஸ்அப் குழுவில் இன்றைக்கும் வாக்குவாதம் நடக்கும். மரிக்கார்–உபாலி சோடி பெரிதா, அப்புக்குட்டி–ஐயர் சோடி பெரிதா என்று. நான் எப்போதும் மரிக்கார்–உபாலி பக்கம். அவர்கள் எவ்வளவு இழுபறிப்பட்டாலும் ஒருவரை விட்டு ஒருவர் போகமாட்டார்கள் என்று கேட்கிறவனுக்குத் தெரியும். சிரிப்பு பேச்சு வழக்கைப் பார்த்துத்தான் வரும், அந்த மனிதனைப் பார்த்து வராது. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு குரலும் ஒரே மேசையில் இருந்து கதைப்பதைக் கேட்கவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வீட்டில் பதிந்து வைத்திருந்த கசெட்டுகள் எல்லாம் இடம்பெயர்ந்தபோது கைவிட்டுப் போனவை. அதனால்தான் "நாற்பது நாடகங்கள், முழுத் தொகுப்பு" என்ற விளம்பரத்தைக் கண்டதும் குழுவே எழுந்து உட்கார்ந்தது.

விற்றவர் "அண்ணை, அண்ணை" என்றுதான் கதைத்தார். நல்ல மரியாதை. அவருடைய அப்பா வானொலிக்கு முன்னால் ரெக்கோடரை வைத்துப் பதிந்தவராம், காலமாகிவிட்டாராம், கசெட்டுகள் பெட்டிக்குள் கிடந்ததாம். நான் உடனே பணம் போடவில்லை. மாதிரிக்கு ஒன்று அனுப்பச் சொன்னேன்.

இரண்டு நிமிடத் துண்டு ஒன்று வந்தது. மத்திய அலை வானொலியின் இரைச்சல், நடுநடுவே குரல் மங்கி மங்கித் திரும்பி வருகிறது, மரிக்காரும் உபாலியும் எதையோ பிடித்துக்கொண்டு கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகு, நாடகத்துக்கு வெளியே இருந்து, ஒரு பெண்ணின் குரல்: "பிள்ளை, அடுப்பைப் பார்." அந்தக் காலத்தில் வயர் கொடுத்து நேரடியாகப் பதியும் வசதி எல்லார் வீட்டிலும் இல்லை. ஸ்பீக்கருக்குக் கிட்ட ரெக்கோடரை வைத்து, "ஒருத்தரும் சத்தம் போடாதேங்கோ" என்று வீட்டையே அடக்கித்தான் பதிவார்கள். அப்படியும் ஒரு சேவல் கூவும், ஒரு வாளி விழும். அந்த அம்மாவின் குரலைக் கேட்டதும் இது உண்மையான பதிவுதான் என்று எங்களுக்குத் துளியும் சந்தேகம் இல்லாமல் போயிற்று. குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அக்கா அழுதுகொண்டே குரல் பதிவு அனுப்பினார். அன்று பின்னேரமே நாலு பேரும் காசைச் சேர்த்து, நான் அவருடைய வங்கிக் கணக்குக்கு 18,500 ரூபாய் அனுப்பினேன். முழுப் பணமும் முன்கூட்டியே. "கசெட்டை டிஜிட்டலாக மாற்றும் செலவு இருக்குது அண்ணை" என்றார்.

கூரியரில் பென்டிரைவ் வந்தது. நாற்பது கோப்புகள், ஒவ்வொன்றுக்கும் அழகான தலைப்பு. பதினொரு கோப்புகள் கடைசி எண் வரை ஒரே அளவு. திறந்தால் பதினொன்றும் ஒரே துண்டுதான், பெயர் மட்டும் வேறு. மிச்சத்தில் பாதிக்கு மேல் 1976ஆம் ஆண்டுப் படத்தின் ஒலியை வெட்டி எடுத்தது. வசனத்துக்கு அடியில் பின்னணி இசை ஓடுகிறது, ஒரு கோப்பு பாட்டு தொடங்கும் இடத்தில் அறுந்து நிற்கிறது. இன்னும் சில, இந்தியாவில் யாரோ போட்ட மேடை நாடகம், பார்வையாளர் கைதட்டலோடு. அதில் மரிக்காரும் இல்லை, உபாலியும் இல்லை.

எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்க வைத்தது அந்த இரைச்சல். படத்தின் ஒலி மேல் வானொலி இரைச்சலை ஒட்டியிருக்கிறார்கள். ஒரே "கிறக்" சத்தம் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறது. உண்மையான கசெட்டில் அப்படி வரவே வராது. எங்கள் நினைவை எதைப் போட்டு ஏமாற்றலாம் என்று இருந்து யோசித்துச் செய்திருக்கிறார்கள். அந்த அம்மாவின் குரல் வந்த இரண்டு நிமிடம் பென்டிரைவில் எங்கும் இல்லை. பிறகுதான் குழுவில் ஒரு தம்பி, அந்தத் துண்டு வேறொருவர் முன்பு ஒரு காலத்தில் இலவசமாகப் பகிர்ந்தது என்று தேடிக் கண்டுபிடித்தார்.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில், "மாறி வந்திருக்கும் அண்ணை, பார்த்துச் சொல்றன்." பிறகு, "அப்பாவின் கசெட் பழசு, அப்படித்தான் இருக்கும்." படத்தின் பாட்டு உங்கள் அப்பாவின் கசெட்டுக்குள் எப்படி வந்தது என்று கேட்டேன். பதில் இல்லை. பிறகு ஒரு பெண் எடுத்து, "அவர் ஊரில் இல்லை, வந்ததும் எடுப்பார்" என்றார். பின்னணியில் விற்றவரின் குரலே கேட்டது. கடைசியாக எழுத்தில் ஒரு பதில்: "நாங்கள் விற்பது நினைவுகளை மட்டுமே, ஒலித்தரத்துக்குப் பொறுப்பில்லை." ஒலித்தரத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டு நாடகத்தையே தரவில்லை என்றுதான் கேட்டேன். அதற்குப் பிறகு என் எண்ணைத் தடை செய்துவிட்டார்கள்.

விளம்பரம் வந்த தளத்துக்கு எழுதினால், பணம் எங்கள் வழியாகப் போகவில்லை, நாங்கள் தலையிட முடியாது என்று இயந்திரப் பதில். வங்கியில், "நீங்களே விரும்பி அனுப்பிய பணம், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியைக் கொண்டு வாருங்கள்" என்றார்கள். அக்காவுக்கு இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நின்றேன். சொன்னதும் அவர், "காசு போனால் போகட்டும் தம்பி, அந்த மனுசன்களின் குரலை வைத்து இப்படிச் செய்யலாமா?" என்று கேட்டார்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. ஒரு மாதிரியை நம்பாதீர்கள், நீங்கள் சொல்லும் கோப்பின் நடுவில் இருந்து ஒரு துண்டு கேளுங்கள். முழுப் பணத்தையும் முதலில் போடாதீர்கள். கோப்புகளின் அளவும் நேரமும் தெரியும்படி பட்டியலைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கதைத்ததை எல்லாம் எழுத்தில் வைத்திருங்கள், தடை செய்வதற்கு முன்பே படமெடுத்து வையுங்கள்.

நேற்றிரவு நண்பர் ஒருவர் புது விளம்பரம் ஒன்றை அனுப்பினார். பக்கத்தின் பெயர் வேறு, அதே நாற்பது நாடகங்கள், "பிள்ளை, அடுப்பைப் பார்" என்று வரும் அதே துண்டு. விலை இப்போது 22,000. அந்தத் துண்டு உங்களுக்கு வந்திருந்தால் ஒரு சதமும் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டவர்கள் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள், வங்கிச் சிட்டைகளைச் சேர்த்து ஒன்றாக முறைப்பாடு கொடுப்போம்.